ஆம்ப்ளிஃபயர் பவர் சப்ளைக்கு ரெக்டிஃபயர் டயோடு தேர்ந்தெடுக்கும் முறை

நான் முதலில் கட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் ஏசியை டிசியாக மாற்ற நான்கு 4007 (1N4007) டயோடுகளைப் பிரிட்ஜாக இணைத்திருந்தேன். சில வாரங்கள் நன்றாகப் பாடிய அது, ஒரு மாலை சுவிட்சைப் போட்ட நொடியிலேயே ஃபியூஸை எரித்தது. கழற்றிப் பார்த்தபோது ஒரு டயோடு இரு திசையிலும் ஷார்ட் காட்டியது. அதன் அடியில் போர்டு காப்பி நிறத்தில் கருகியிருந்தது. கருகல், அது நாள்தோறும் தாங்கிய சூட்டின் அடையாளம். சுவிட்ச் போட்ட கணத்தில் உடைந்தது, அந்தக் கணத்தில் பாயும் மின்னோட்டத்தின் வேலை. டயோடைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டையும்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

கணக்குக்கு 24-0-24 வோல்ட் சென்டர் டாப் (செகண்டரியின் நடுவிலும் ஒரு முனை எடுத்த) டிரான்ஸ்பார்மர், ஒரு பிரிட்ஜ், பிளஸ் மைனஸ் ஒவ்வொன்றிலும் 10,000 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கெப்பாசிட்டர், 8 ஓம் ஸ்பீக்கர்கள் என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ட்டை 1.414-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 34 வோல்ட் வருகிறது. லோடில் இது குறைந்து, ஸ்பீக்கருக்கு 29 வோல்ட் உச்சம் வரை போகிறது என்றால், அதன் உச்ச மின்னோட்டம் 3.6 ஆம்பியர். கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயர் (அலையின் ஒரு பாதியைப் பிளஸ் சப்ளையிலிருந்தும் மறு பாதியை மைனஸிலிருந்தும் எடுப்பது) முழு சைன் அலையை வெளியிடும்போது ஒரு பக்க சப்ளையிலிருந்து எடுக்கும் சராசரி, அந்த உச்சத்தை 3.14-ஆல் வகுத்த அளவு, அதாவது 1.15 ஆம்பியர், இரண்டு சேனலுக்கு 2.3 ஆம்பியர். இதை இரண்டு டயோடுகள் மாறி மாறிச் சுமப்பதால் ஒரு டயோடின் சராசரி 1.15 ஆம்பியர்தான். 1 ஆம்பியர் 4007 இங்கேயே தோற்றுவிடுகிறது. 3 ஆம்பியர் 5408 போதும் என்று தோன்றும்.

ஆனால் சராசரி முழு உண்மையைச் சொல்வதில்லை. கெப்பாசிட்டரில் நிற்கும் வோல்ட்டேஜை டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜ் மிஞ்சுகிற சிறிது நேரம் மட்டுமே டயோடு கடத்துகிறது. ஒவ்வோர் அரைச் சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் கடத்தினால், அந்த நேரத்துக்குள் ஐந்து மடங்கு மின்னோட்டம் பாய்ந்தாக வேண்டும். அதன் முனை இன்னும் உயரமானது. சுவிட்ச் போடும் கணம் இதைவிடக் கடுமையானது. காலியான கெப்பாசிட்டர் ஷார்ட் போலவே நடந்துகொள்வதால், மின்னோட்டத்தைத் தடுத்து நிற்பது செகண்டரி ஒயரின் ரெசிஸ்டன்ஸும், டர்ன்ஸ் விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்கப்பட்ட பிரைமரி ரெசிஸ்டன்ஸும் மட்டுமே. இரண்டும் சேர்ந்து 0.4 ஓம் என்றால், 34 வோல்ட்டுக்கு 85 ஆம்பியர் வரை பாயக்கூடும். 4007-இன் டேட்டா ஷீட்டில் சர்ஜ் அளவு, அதாவது ஒரு கணம் தாங்கக்கூடிய உச்ச மின்னோட்டம், 30 ஆம்பியர், 5408-க்கு 200, 6 ஆம்பியர் 6ஏ10-க்கும் 35 ஆம்பியர் கேபிபிசி 3510 பிரிட்ஜுக்கும் 400. இந்த எண்கள் ஒரே ஓர் அரைச் சுற்றுக்கு உரியவை என்பதை மறக்கக் கூடாது. 40,000 மைக்ரோஃபாரட் வரை போட விரும்புபவருக்குப் பல அரைச் சுற்றுகள் தொடர்ந்து சர்ஜ் பாயும். டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மரில் ஒயர் ரெசிஸ்டன்ஸ் பொதுவாகக் குறைவு என்பதால், அங்கே 35 ஆம்பியர் பிரிட்ஜ் வைப்பது ஆடம்பரம் ஆகாது. டயோடுகளைப் பேரலலாகச் சேர்த்துத் திறனைக் கூட்ட முயல வேண்டாம். சூடாகும் டயோடு மேலும் அதிக மின்னோட்டத்தை இழுத்து முதலில் போய்விடும்.

ரிவர்ஸ் வோல்ட்டேஜில் பலர் பாதியைத்தான் கணக்கிடுகிறார்கள். சென்டர் டாப்பில் இரட்டை சப்ளை எடுக்கும்போது கடத்தாத டயோடின் மீது பிளஸிலிருந்து மைனஸ் வரையிலான முழு வோல்ட்டேஜும் விழுகிறது. லோடு இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் 10 சதவீதம் கூடுதலாகத் தந்து, மெயின்ஸும் 10 சதவீதம் ஏறியிருந்தால், ஒரு பக்கம் 41 வோல்ட், இரண்டும் சேர்ந்து 82 வோல்ட். ஆகவே 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். கடத்தும்போது குறைவாக வோல்ட்டேஜ் இழக்கும் 100 வோல்ட் ஷாட்கி டயோடுகள் இங்கே விளிம்பில் நிற்கும், சூடேறினால் ரிவர்ஸ் லீக்கேஜும் கூடும். 12 வோல்ட் ஒற்றைச் செகண்டரி கொண்ட சிறிய செட்டுக்கு அவை நல்ல தேர்வு.

வேகமான டயோடு போட்டால் ஒலி தெளிவாகும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவோடு. சாதாரண டயோடு கடத்தலை நிறுத்தும்போது சற்று நேரம் பின்னோக்கி மின்னோட்டம் பாய்ந்து சட்டென்று அறுபடுகிறது. அந்த அறுபடலில் டிரான்ஸ்பார்மரின் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் மணி அடித்தாற்போல் அதிர்ந்து, ஸ்பீக்கரில் கூர்மையான இரைச்சலாகக் கசியலாம். 60 நானோவினாடியில் கடத்தலை நிறுத்தும் எம்யூஆர் 860 போன்ற வேகமான டயோடு இதைக் குறைக்கிறது. ஆனால் அதே அதிர்வை, செகண்டரி முனைகளுக்கு இடையே 10 நானோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றும், அதற்குப் பேரலலாக 150 நானோஃபாரடும் சில பத்து ஓம் ரெசிஸ்டரும் சீரிஸில் சேர்ந்த ஸ்னப்பரும் வைத்துச் சாதாரண பிரிட்ஜிலேயே அடக்கிவிடலாம். என் அனுபவத்தில் இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் டயோடே இல்லை. கெப்பாசிட்டரை நிரப்பும் துடிப்புகள் ஓடும் ஒயரிலேயே ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டையும் இணைத்துவிடுவதுதான். சென்டர் டாப் நேராக இரு கெப்பாசிட்டர்கள் சேரும் இடத்துக்கு வரட்டும். ஆம்ப்ளிஃபயர் கிரவுண்டு அங்கிருந்து தனி ஒயரில் கிளம்பட்டும்.

பொருத்தும்போது சூட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு டயோடில் ஏறத்தாழ 1 வோல்ட் இழப்பு என்றால், நம் உதாரணத்தின் முழு லோடில் பிரிட்ஜ் 4.6 வாட் சூடாகிறது. கேபிபிசி பிரிட்ஜின் அடிப்பகுதி உள்ளிருக்கும் டயோடுகளிலிருந்து இன்சுலேட் செய்யப்பட்டது. பேஸ்ட் தடவி நேராகச் சேசிஸில் முடுக்கலாம். எம்யூஆர் 860-இன் உலோகத் தகடோ கேத்தோடு முனையுடன் இணைந்தது, எனவே இடையில் இன்சுலேட் செய்யும் மைக்கா வைக்காமல் சேசிஸைத் தொடவிடக் கூடாது. 5408, 6ஏ10 போன்றவற்றைப் போர்டிலிருந்து 1 சென்டிமீட்டர் உயர்த்திச் சால்டர் செய்தால் காற்று புகும், போர்டும் கருகாது.

இணைக்கும் முன் ஒவ்வொரு டயோடையும் மல்டிமீட்டரின் டயோடு நிலையில் பாருங்கள். ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டி, மறு திசையில் திறந்திருக்க வேண்டும். கேபிபிசியில் மூலை வெட்டப்பட்ட பக்கத்தில், மற்ற மூன்றிலிருந்து திரும்பி நிற்கும் முனையே பிளஸ். அதற்குக் குறுக்கே எதிரில் இருப்பது மைனஸ். முதல் முறை சீரிஸில் 60 வாட் குண்டு பல்பு வைத்து மெயின்ஸ் கொடுங்கள். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் கெப்பாசிட்டர்கள் நிரம்பிவிட்டன என்று பொருள். முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணைத்து, கெப்பாசிட்டர்களை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, டயோடுகளின் திசையை மீண்டும் பாருங்கள்.