இசபெல்லாவுக்குத் தேயிலைக் கவ்வாத்து ஆகாது

இலங்கை மலையகத்துப் பண்டாரவளையில் எங்கள் வீட்டுப் பந்தலில் நிற்பது இசபெல்லா என்ற திராட்சைக்கொடி. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வாரிசு. 1816 இல் நியூயோர்க் லோங் ஐலண்டின் நாற்றுப் பண்ணைக்காரர் வில்லியம் பிரின்ஸ் இதை விற்கத் தொடங்கினார். அங்கே அதில் வைன் வடித்தார்கள். நான் பழைய பங்களாக் கொடியிலிருந்து நாலு குச்சி கேட்டு வாங்கினேன், மூன்று பிடித்தன.

பென்சில் தடிப்பில், நாலு கண் (துளிர் விடும் மொட்டு) உள்ள குச்சி போதும். அடியை நேராகவும் நுனியைச் சரிவாகவும் வெட்டினால் தலைகீழாக நட மாட்டீர்கள். இரண்டு கண் மண்ணுக்குள் போகட்டும். மேலே மானா என்ற நீளப் புல்லால் மூடாக்கு. தண்ணீர் தேங்கக் கூடாது.

இனி கவ்வாத்து, அதாவது கொப்பு வெட்டுதல். இருபது வருஷம் தேயிலையில் கத்தி பிடித்தவன் என்ற தைரியத்தில், முதல் தடவை எல்லாக் கொப்பையும் அடியோடு ஒட்ட நறுக்கினேன். பந்தல் நிறைய இலை வந்தது, குலை ஒன்றுகூட இல்லை. தேயிலையில் நமக்குக் கொழுந்துதானே வேண்டும்? இந்தச் சாதியில் கொப்பின் அடிக் கண்கள் அவ்வளவாகக் காய்க்காது. அதனால் போன வருஷத்துப் பழுப்புக் கொப்பில் எட்டுப் பத்துக் கண் விட்டு வெட்டுங்கள். பக்கத்தில் இன்னொன்றை இரண்டு கண்ணோடு நிறுத்துங்கள், அது அடுத்த வருஷத்துக்கு.

இங்கே பனிக்காலம் இல்லாததால் கொடி தானாக உறங்காது. சித்திரைப் புதுவருஷம் முடிந்ததும் இலையைக் கையால் உருவிவிட்டு வெட்டுவேன். பூ ஜூன் வெயிலில் வரும், பழம் ஒக்டோபர் மழைக்கு முன் கைக்கு வரும். ஜூனில் மழை கொட்டும் நுவரெலியாவில் இந்தக் கணக்கு உதவாது.

இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறதா? மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 10 லீற்றர். பிளாஸ்டிக் வாளியில் கலந்து தெளியுங்கள், பூக்கும்போது மட்டும் வேண்டாம்.

நிறம் கறுத்தவுடன் பறித்துவிடாதீர்கள், அப்போதும் புளிக்கும். இரண்டு வாரம் பொறுங்கள். பழத்தை அமுக்கினால் தோல் கையில் நிற்க, சதை வழுக்கி வாய்க்குள் போக வேண்டும். அந்தக் கடும் வாசனை எல்லாருக்கும் பிடிக்காது. பிரான்ஸில் 1934 இல் இந்தக் கொடிக்கே தடை போட்டார்கள். எங்கள் பக்கத்துக் கொண்டைக்குருவிகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது, வலையை முதலே கட்டிவிடுங்கள்.