மிகப் பெரிய நிலப்படத்தை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கையாளும் முறை: நைல் கழிமுகம் வரை ஒரு ஜூம்

பெரிய படம் ஒன்று, அடோபியின் அசைவூட்ட மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸைத் திணறவைக்கும்போது, புதிதாகக் கற்பவர்கள் முதலில் கோப்பின் எம்பி அளவைத்தான் பார்க்கிறார்கள். அந்த எண்ணால் பெரிதாகப் பயனில்லை. ஜேபெக் கோப்பு வட்டில் எவ்வளவு சுருங்கிக் கிடந்தாலும், திறந்ததும் அதன் எல்லாப் பிக்சல்களும் நினைவகத்தில் விரிந்துவிடும். வண்ண ஆழம் 8 பிட்டாக உள்ள புராஜெக்ட்டில் பிக்சல் ஒன்றுக்கு 4 பைட், 16 பிட்டில் 8, 32 பிட்டில் 16 என இடம் பிடிக்கும். அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் டிபிஐ 72 ஆனாலும் 300 ஆனாலும் காணொளியில் வேறுபாடு இல்லை. அது அச்சகத்தாரின் கவலை.

உலகப்படத்திலிருந்து நைல் கழிமுகம் வரை நெருங்கிச் செல்லும் காட்சியை எடுத்துக்கொள்வோம். நாசாவின் 'புளூ மார்பிள்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' படம் முழு நுணுக்கத்தில் 86400×43200 பிக்சல் கொண்டது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் உச்ச வரம்பு 30000×30000 என்பதால் அது உள்ளேயே வராது. 21600×21600 அளவுள்ள எட்டுத் துண்டுகளாகவும் அது கிடைக்கிறது. ஆனால் ஒரு துண்டே 8 பிட்டில் ஏறத்தாழ 1.87 ஜிபி நினைவகம் கேட்கும். எனவே வெட்டும் வேலையை ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு வெளியே, அனிமேஷன் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில், 21600×10800 அளவுள்ள உலகப்படத்தையும், கழிமுகம் அடங்கிய சி1 என்ற துண்டையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். முன்னதில் ஒரு பாகைக்கு 60 பிக்சல், பின்னதில் 240. கழிமுகத்தை 31 பாகை கிழக்கு, 31 பாகை வடக்கு என்று வைத்துக்கொண்டால் மற்றவை எளிய கணக்குத்தான்.

இரண்டாவதாக, ஜிம்ப் மென்பொருளில் மூன்று படங்களை உருவாக்குங்கள். உலகப்படத்தை 3840×1920 ஆகக் குறைத்தால் முதற்படம் கிடைக்கும். குறைக்காத அதே உலகப்படத்தில், செவ்வகத் தேர்வுக் கருவியின் பொசிஷன் பெட்டியில் 9780, 1920 என்றும், சைஸ் பெட்டியில் 5760, 3240 என்றும் இட்டு, 'கிராப் டு செலக்ஷன்' கொடுத்து 3840×2160 ஆகக் குறைத்தால் நடுப்படம். சி1 துண்டில் 4560, 12540 என்ற இடத்திலிருந்து அதே 5760×3240 அளவை வெட்டிக் குறைத்தால் அண்மைப்படம். நம் கம்போசிஷன் (காட்சியை உருவாக்கும் சட்டகம்) 1920×1080 என்பதால் அதன் இருமடங்கு அகலம் போதும். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 96 எம்பிதான்.

மூன்றாவதாக, உலகப்படத்தை அடியிலும், நடுப்படத்தை அதன்மேலும், அண்மைப்படத்தை உச்சியிலும் அடுக்குங்கள். உலகப்படத்தின் ஆங்கர் பாயின்ட்டை (படம் பெரிதாகும்போது அசையாமல் நிற்கும் புள்ளியை) 2250.7, 629.3 என்றும், பொசிஷனை 960, 540 என்றும் வையுங்கள். நடுப்படத்தை உலகப்படத்துக்குப் பேரன்ட் செய்து (அதாவது, உலகப்படத்தோடு சேர்ந்தே பெருகுமாறு பிணைத்து), அதன் பின்னரே பொசிஷனில் 2250.7, 629.3, ஸ்கேலில் 26.67 என்று இடுங்கள். வரிசை மாறினால், பேரன்ட் செய்யும்போது நீங்கள் இட்ட எண்கள் மாறிவிடும். அவ்வாறே அண்மைப்படத்தை நடுப்படத்துக்குப் பேரன்ட் செய்து 1920, 1080, ஸ்கேல் 25 என்று வையுங்கள்.

இனி உலகப்படத்தின் ஸ்கேலுக்கு மட்டும் இரண்டு கீஃப்ரேம் (ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கான மதிப்பைக் குறித்துவைக்கும் புள்ளி) போதும்: தொடக்கத்தில் 86, முடிவில் 1500. எண்பத்தாறுக்குக் கீழே இறங்கினால் திரையின் மேற்புறம் கறுப்பு எட்டிப்பார்க்கும். 1500 என்பது அச்சமூட்டினாலும், அந்த நிலையில் அண்மைப்படம் சரியாக 100 விழுக்காட்டில் நிற்கிறது. கீழுள்ள படம் ஏறத்தாழ இருமடங்காகப் பெருகி மங்கத் தொடங்கும் முன்பே மேலுள்ளது திரையை நிரப்பிவிடுவதால் மங்கல் கண்ணில் படாது. ஆனால் இரண்டு கீஃப்ரேம்களை அப்படியே விட்டால் காட்சி முதலில் பாய்ந்து பின்னர் ஊர்ந்துசெல்லும். இரண்டையும் தேர்ந்தெடுத்து, அனிமேஷன் மெனுவின் கீஃப்ரேம் அசிஸ்டன்ட்டில் 'எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல்' கொடுத்தால் வேகம் சீராகும்.

மேலிரு படங்களின் விளிம்பு கோடாகத் தெரியாமலிருக்க, இரண்டிலும் முழு அளவுச் செவ்வக மாஸ்க் (படத்தின் தெரியும் பகுதியை வரையறுக்கும் எல்லை) இட்டு, அந்த எல்லையை உள்ளிழுக்க எக்ஸ்பான்ஷனை −150, விளிம்பை மென்மையாக்க ஃபெதரை 300 என்று வையுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே மாதத்துப் படமாக இருக்க வேண்டும். நாசா மாதத்துக்கு ஒன்றாக வெளியிட்டிருப்பதால், மாதம் மாறினால் பச்சையும் பனியும் இடம் மாறி ஒட்டு அப்பட்டமாகத் தெரியும்.

பெரிய படத்தை வைத்து ஏற்கெனவே அனிமேஷன் செய்துவிட்டவர்கள், 'ரீப்ளேஸ் ஃபுட்டேஜ்' மூலம் பாதி அளவுள்ள படத்தை மாற்றிவைத்தால் ஸ்கேல் எண்களை இருமடங்காக்கி, ஆங்கர் பாயின்ட்டையும் மாஸ்க்குகளையும் சரிபார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால் 'கிரியேட் புராக்ஸி' வழியாகச் சிறிய மாற்றுப்படத்தை வைத்துக்கொள்ளலாம்; கீஃப்ரேம் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் அது வேலை நடக்கும்போது மட்டுமே சுமையைக் குறைக்கும். இறுதி ரெண்டரில் புராக்ஸியை நீக்கியதும் பழைய பாரம் முழுவதும் திரும்பிவரும் என்பதால், மேற்சொன்ன வெட்டும் முறையையே நான் பரிந்துரைக்கிறேன்.