சரிவில் திடல்: ஊட்டி, கொடைக்கானல் கல்லூரி வளாகங்களில் விளையாட்டு இடம் அமைப்பது எப்படி

சமவெளியில் ஒரு பல்கலைக்கழகம் விளையாட்டுத் திடலுக்குத் திட்டம் போட்டால், தாளில் முதலில் ஏறுவது 400 மீட்டர் ஓடுதளம். அதே தாளை மலைக்குக் கொண்டுவந்து விரிக்கும்போதுதான் பணம் மண்ணாகப் போகத் தொடங்குகிறது. எட்டுப் பாதை கொண்ட முறையான ஓடுதளத்துக்கு 176.91 மீட்டர் நீளமும் 92.52 மீட்டர் அகலமும் வேண்டும். ஐந்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் இதைச் சரிவென்றே சொல்ல மாட்டார்கள். அதில் இந்த ஓடுதளத்தின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 18.5 மீட்டர் உயர வித்தியாசம் வரும். மேல்பக்கம் மூன்று மாடி உயரத்துக்கு மலையை வெட்டி, கீழ்பக்கம் அதே உயரத்துக்கு மண் கொட்ட வேண்டும். வெட்டும் மண் சுமார் 38,000 கன மீட்டர். கரைகளைச் சாய்த்து வெட்டும் மண் இந்தக் கணக்கில் இல்லை.

இப்போது அதே சரிவில் ஒரு கைப்பந்துத் திடல். ஆடுகளம் 18க்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் காலியிடம் விட்டால் 24க்கு 15. நீளவாக்கை மலையின் குறுக்கே, அதாவது ஒரே உயரம் ஓடும் திசையில் வைத்தால் வெட்டும் மண் 135 கன மீட்டர். அதே திடலை மேலிருந்து கீழாகத் திருப்பி வைத்தால் 216. வரைபடத்தில் ஒரு செவ்வகத்தைத் திருப்பி வைத்ததற்கான விலை 81 கன மீட்டர் மண்.

ஆக மலைக்குப் பொருந்துவது, கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள் செய்வதைப் போல, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் சிறு தட்டுகள். கூடைப்பந்து (காலியிடத்தோடு 32க்கு 19), பூப்பந்து (ஆடுகளம் 24க்கு 12), கபடி (ஆண்களுக்கு 13க்கு 10, பெண்களுக்கு 12க்கு 8) எல்லாமே தட்டில் அடங்கும் ஆட்டங்கள். ஓட்டத்துக்கு ஒரு நேர்ப்பாதை போடுங்கள்: 100 மீட்டர், தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர், முடிவுக் கோட்டுக்கு அப்பால் 17 மீட்டர், ஆக 120 மீட்டர். நான்கு பாதைக்கு அகலம் 5 மீட்டர் போதும். வெட்டும் மண் வெறும் 75 கன மீட்டர். வளைவு ஓட்டம் இல்லாமல் முடியாது என்றால் ஆறு பாதை கொண்ட 200 மீட்டர் தளம் இருக்கிறது. உள்வளைவின் ஆரத்தை 18 மீட்டராக வைத்தால் 93க்கு 51 மீட்டர் இடம் பிடிக்கும்; ஆனால் இதே சரிவில் சுமார் 6,000 கன மீட்டர் வெட்ட வேண்டும். சரிவு இருபதுக்கு ஒன்றாகக் குறைந்த இடம் வளாகத்தில் இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு மலையே திடல். விடுதிக்குப் பின்னால் தொடங்கி வளாகத்தைச் சுற்றிவரும் 2 கிலோமீட்டர் மண்பாதைக்குச் செலவும் குறைவு, பலனும் அதிகம்.

தட்டையான இடத்தை நம்ப வேண்டாம்

வளாகத்தில் இயற்கையாகவே தட்டையாக ஓர் இடம் கிடந்தால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். மலையில் அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் சதுப்பு. கோரை முளைத்திருக்கிறதா, கோடையிலும் மிதித்தால் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். மூன்று இடத்தில் 3 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி ஒரு வாரம் திறந்து வையுங்கள். கறுப்பான, பஞ்சு போன்ற மண்ணும் ஊறி நிற்கும் நீரும் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மக்கிய தாவர மண் பாரம் ஏற ஏற அமுங்கிக்கொண்டே போகும். மேலே போடும் தளம் சில ஆண்டுகளிலேயே அலையலையாகிவிடும். கீழே இருக்கும் கிணற்றுக்கும் ஓடைக்கும் தண்ணீர் தருவதும் அந்தச் சதுப்புதான்.

மீதியுள்ள இடத்தை டோட்டல் ஸ்டேஷன் என்னும் நில அளவைக் கருவி வைத்து அரை மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடு வரையச் சொல்லுங்கள். சர்வேயர்கள் வழக்கமாகத் தரும் 2 மீட்டர் இடைவெளி வரைபடத்தில் ஒரு கபடித் தளமே காணாமல் போகும்.

அனுமதிகளுக்கு ஓர் ஆண்டு ஒதுக்குங்கள். இடம் ஹாக்கா பட்டியலில் உள்ள கிராமமா, அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி. நீலகிரியில் பொக்லைன் இறக்கவும் ஆழ்துளைக் கிணறு போடவும் மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். மரத்தை வெட்டினாலும் வேரைத் தோண்டாதீர்கள். அந்த வேரும் சில ஆண்டுகளில் மக்கி மண்ணைப் பிடிக்கும் வலுவை இழந்துவிடும் என்பதால், மரம் போன கரையில் உடனே புல்லும் புதரும் நட்டாக வேண்டும்.

வெட்டிய பாதி, நிரப்பிய பாதி

மலைத் திடல்களில் அதிகம் பார்க்கும் கோளாறு இது: ஆடுகளத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு விரிசல். காரணம் எப்போதும் ஒன்றுதான். மேல்பாதி வெட்டிய கெட்டி மண்ணில் நிற்கிறது, கீழ்பாதி கொட்டிய மண்ணில் நிற்கிறது. கொட்டியது இறங்குகிறது, வெட்டியது இறங்குவதில்லை. எத்தனை முறை சிமென்ட் பூசினாலும் அடுத்த மழையில் அதே இடத்தில் திறக்கும்.

நல்ல தீர்வு, ஆடுகளம் முழுவதையும் வெட்டிய பகுதியில் வைத்து, நிரப்பிய பகுதியை நடைபாதைக்கும் பார்வையாளர் புல்படிக்கும் விட்டுவிடுவது. வெட்டும் மண் கூடும். ஆனாலும் அது ஒருமுறைச் செலவு. அதற்கு வழியே இல்லை என்றால்:

நிரப்புவதற்கு முன் பழைய சரிவின் மேல்மண்ணையும் புல்லையும் வழித்தெடுத்து, சரிவைப் படிப்படியாக வெட்டுங்கள். ஒவ்வொரு படியும் ஒரு மீட்டர் அகலமாவது இருக்கட்டும். வழுக்கும் சரிவின் மேல் அப்படியே கொட்டிய மண், ஈரமானதும் மொத்தமாக நழுவும். 20 சென்டிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்காகப் போட்டு ரோலரால் அழுத்தி, ஒவ்வொரு அடுக்கிலும், ஆய்வகச் சோதனையில் அந்த மண்ணுக்குக் கிடைக்கும் உச்ச இறுக்கத்தில் 95 சதவீதம் வந்ததைச் சோதித்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பிறகு ஒரு முழு மழைக்காலத்தை அதன் மேல் கடக்க விடுங்கள். ஒப்பந்ததாரருக்கு இந்தக் கடைசி வரி பிடிக்காது. அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

தடுப்புச்சுவர் 1.5 மீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தால், ஒரே சுவராக எழுப்பாமல் நடுவில் தட்டு விட்டு இரண்டாகப் பிரியுங்கள். கம்பிவலைப் பெட்டிக்குள் கல் அடுக்கும் கேபியன் சுவர் தண்ணீரைத் தானே கசிய விடும், கொஞ்சம் அசைந்தாலும் உடையாது. கான்கிரீட் சுவரானால் ஒன்றரை மீட்டருக்கு ஒரு நீர்த்துளையும், சுவருக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் ஜல்லி அடுக்கும் கட்டாயம். துளை வைத்துவிட்டு ஜல்லி வைக்காமல் விடுவது வழக்கம். செம்மண் துளையை அடைத்துக்கொள்ளும். பின்னால் தேங்கும் தண்ணீர் சுவரைத் தள்ளிவிடும்.

தண்ணீருக்கு முதலில் வழி

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரத்தில் கொட்டிய மழையில் மண் சரிந்து நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையை வெட்டுகிற யாரும் அந்த மழையை மனதில் வைத்தே வடிகாலைக் கணக்கிட வேண்டும்.

மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் ஒரு கைப்பந்துத் திடலின் மேல் மட்டும் நொடிக்கு 10 லிட்டர் விழும். ஐந்து தட்டுகள் என்றால் 50. மேலே இருக்கும் மலைமுகத்திலிருந்து வருவது இதைவிடப் பல மடங்கு. ஆகவே வெட்டிய கரையின் உச்சிக்கு மேலே, விளிம்பிலிருந்து 2 மீட்டராவது தள்ளி, ஒரு காப்பு வடிகால் வேண்டும். பொக்லைன் வந்த முதல் வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். 30க்கு 30 சென்டிமீட்டர் கான்கிரீட் கால்வாயே நூற்றுக்கு ஒன்று சாய்வில் நொடிக்கு 100 லிட்டருக்கு மேல் கடத்தும். ஆனால் சீகை மரமும் கற்பூர மரமும் நிற்கும் வளாகத்தில் இலை சும்மா இருக்காது, ஆகவே 45 ஆக வையுங்கள். மேலே மூடி போட்டால் அடைத்தது தெரியாது, திறந்தே இருக்கட்டும்.

மேல்தட்டின் தண்ணீரைக் கீழ்த்தட்டில் விடக் கூடாது, வெறும் சரிவிலும் விடக் கூடாது. பக்கவாட்டில் படிக்கட்டு போன்ற இறங்குவடிகால் கட்டி, வேகத்தை உடைத்து, இயற்கை ஓடை வரை கொண்டுபோய்ச் சேருங்கள். ஓடையில் சேரும் இடத்தில் பெருங்கற்களைப் பரப்புங்கள்.

தளமும் வெயிலும்

திறந்தவெளி ஆடுகளத்தை வடக்கு–தெற்காக வைக்க வேண்டும் என்பது விதி. மாலை வெயில் கண்ணில் அடிக்காது. மலையில் சரிவுதான் திசையைத் தீர்மானிக்கும். கிழக்கு நோக்கிய சரிவு கிடைத்தால் இரண்டும் ஒத்துப்போகும்: தட்டு வடக்கு–தெற்காக ஓடும், காலை வெயில் ஈரத்தைக் காயவைக்கும், மாலை வெயிலை மலையே மறைக்கும். வடக்கு நோக்கிய மரநிழலில் கான்கிரீட் தளம் போட்டால் ஆகஸ்டுக்குள் பாசி பிடித்துவிடும். அதில் ஓடினால் கணுக்கால் போகும்.

ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். குளிர்காற்று தண்ணீரைப் போலக் கீழே வழிந்து ஓடும். திடலின் கீழ்ஓரத்தில் கெட்டியான மதில் எழுப்பினால் அது அங்கே தேங்கி நிற்கும். கம்பிவலை வேலி போட்டால் ஓடிவிடும். அந்த வேலி 4 மீட்டர் உயரம் இருக்கட்டும். கீழே போன பந்தைத் தேடி எடுக்க ஆளில்லை.

கான்கிரீட்டின் மேல் அக்ரிலிக் பூச்சு போடுவதானால், 28 நாள் ஆறிய பிறகு, தளத்தின் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் நிற்கும் வறண்ட நாட்களில் மட்டும் பூசுங்கள். தளம் ஒரே பக்கமாக நூற்றுக்கு ஒன்று சாயட்டும். நடுவில் மேடு வைத்து இருபுறம் சாய்த்தால் வலைக்கடியில் ஆட்டம் கெடும். புல்தரைக்கு கிகுயூ புல் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சோலை ஓரமாகவோ இயற்கைப் புல்வெளி அருகிலோ வேண்டாம், அது தாண்டிப் பரவும். பச்சைப் புல்லைத் தேடிக் காட்டெருமை வரும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். ஈரத்தரையில் அதன் ஒரு குளம்படி ஒரு மூட்டைமணல் வேலை. அவை வழக்கமாக நடக்கும் தடத்தில் வேலி போடாதீர்கள்.

உள்ளரங்கம்: உயரம்தான் சிக்கல்

நீலகிரியில் கட்டடத்துக்கு 7 மீட்டர் உயர வரம்பு இருக்கிறது. கூரை உத்திரம் போக உள்ளே மிஞ்சுவது ஐந்தரை, ஆறு மீட்டர். கைப்பந்துக்கு ஆடுகளத்தின் மேல் 7 மீட்டர் காலியாக வேண்டும். போட்டித் தர இறகுப்பந்துக்கு 9 மீட்டராவது வேண்டும். தரையை 3 மீட்டர் பள்ளமாக இறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். முடியும், ஆனால் நாலு பக்கமும் ஊற்றுநீரோடு காலம் முழுக்கப் போராட வேண்டியிருக்கும். அந்த அரங்கத்தை மேசைப்பந்து, கபடி, சிலம்பம், யோகா, எடைப்பயிற்சி என்று திட்டமிடுவது புத்திசாலித்தனம். இறகுப்பந்து பொழுதுபோக்கு அளவில் நடக்கட்டும்.

வெறும் தகரக் கூரை போட்டால் விடியற்காலையில் உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக மெத்தையில் விழும். இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் போடுங்கள். மழைச் சத்தமும் குறையும். உத்திரங்களை 6 மீட்டர் துண்டுகளாகச் செய்து மேலே கொண்டுவந்து போல்ட் போட்டு இணைக்கும்படி வடிவமையுங்கள். 18 மீட்டர் உத்திரம் ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்பாது.

உடைமாற்றும் அறையோடு ஒரு காயவைக்கும் அறையும் கேளுங்கள். ஜூலையில் நனைந்த காலணி மூன்று நாளானாலும் காயாது. அட்டுவம்பட்டியில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்ற பெண்கள் வளாகங்களில் இந்த அறைகள் திடலுக்கு 50 மீட்டருக்குள், விளக்கு வெளிச்சமுள்ள பாதையில் இருக்க வேண்டும். தட்டுகளுக்கிடையே 3 மீட்டர் இறக்கம் என்றால் சக்கர நாற்காலிக்கு பன்னிரண்டுக்கு ஒன்று சாய்வில் 36 மீட்டர் சாய்தளமும், இடையிடையே நின்று இளைப்பாறும் தளங்களும் வேண்டும். இதைப் பிறகு சேர்க்க இடம் இருக்காது, முதல் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள்.

வேலைக்கு உள்ள நாட்கள்

மண்வேலைக்கு ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான் நம்பலாம், ஏறக்குறைய நூறு நாள். ஏப்ரல், மே கோடைமழையில் கரைகளில் புல் நடுங்கள். நீலகிரியின் மேற்குப் பக்கம் ஜூன் முதலே தென்மேற்குப் பருவமழை அடிக்கும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழும் வடகிழக்கு மழைதான் பெரியது. எது உங்கள் பெரிய மழையோ, அதற்கு இரண்டு வாரம் முன்பு எல்லா வடிகாலையும் ஆள் விட்டுத் துப்புரவாக்கும் செலவை ஆண்டு வரவுசெலவில் தனித் தலைப்பாக எழுதுங்கள்.

பந்து வாங்கும்போதும் உயரம் நினைவிருக்கட்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு. டென்னிஸில் 1,219 மீட்டருக்கு மேல் ஆட உயர்மலைப் பந்து என்றே தனி வகை விதியில் உண்டு. இறகுப்பந்தில் சமவெளியில் 77 வேக எண் கொண்ட பந்து வாங்குகிறவர்கள் இங்கே வேகம் குறைந்த 75 எண் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அடியும் பின்கோட்டைத் தாண்டிப் போகும்.