டிரிப்டோஃபான் ஓபெரான் எங்கே நிற்கிறது? ஒரு தாளில் வரைந்து பார்ப்போம்

பாக்டீரியா ஒரு மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கிவிட்டால் முடித்தே ஆகவேண்டும் என்றில்லை. பாதியில் விட்டுவிடவும் அதற்குத் தெரியும். ஈ. கோலை என்ற பாக்டீரியாவில், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் 5 மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இப்படிச் சேர்ந்தே படியெடுக்கப்படும் தொகுப்புக்குத்தான் ஓபெரான் என்று பெயர். அவற்றுக்கு முன்னால் 162 எழுத்து நீளத்தில் ஒரு முன்பகுதி. நிற்பதா, தொடர்வதா என்பது அங்கேயே முடிவாகிவிடும். 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் யானோஃப்ஸ்கியின் குழுவுக்குக் கிடைத்த துப்பு இது: முன்பகுதியில் ஒரு துண்டு அறுந்துபோன பாக்டீரியாவில், அடக்கிப் புரதம் (டிரிப்டோஃபான் நிறைய இருக்கும்போது படியெடுப்பைத் தொடங்கவிடாமல் தடுப்பது) வேலை செய்யாத நிலையிலும், இந்த மரபணுக்களின் படிகள் இன்னும் கூடின.

பாடநூல் படம் முதலில் கொஞ்சம் மிரட்டும். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நிறுத்தத்தை வரையுங்கள்

முன்பகுதியைப் படியெடுத்துக் கிடைக்கும் ஆர்.என்.ஏ-வில் (அதன் எழுத்துகள் ஏ, யு, ஜி, சி) இந்த வரிசை வருகிறது. நான்கு துண்டாக எழுதுங்கள்:

ஏஜிசிசிசிஜிசி – சியுஏஏயுஜிஏ – ஜிசிஜிஜிஜிசியு – யுயுயுயுயுயுயு

ஏ-வுக்கு யு, ஜி-க்கு சி ஜோடி. முதல் துண்டை இடமிருந்தும் மூன்றாவதை வலமிருந்தும் படித்து ஜோடி சேருங்கள். ஏழும் பொருந்தும். நடுத்துண்டு வளையமாகிவிட, கொண்டை ஊசி தயார். இது உருவானதும் படியெடுக்கும் பாலிமரேஸ் தடுமாறும். அதே நேரம் கடைசியில் வரும் யு-க்கள் டி.என்.ஏ-வின் ஏ-க்களை மிகப் பலவீனமாகத்தான் பிடித்திருக்கும். பிடி நழுவி ஆர்.என்.ஏ கழன்றுவிடும். (ரோ என்ற புரதத்தை வைத்து நிறுத்தும் வழியும் பாக்டீரியாவிடம் உண்டு. இந்த இடத்தில் அது தேவைப்படுவதில்லை.)

படி 2: நான்கு பகுதிகள்

ஒரு நீளக்கோட்டில் 1, 2, 3, 4 என்று குறியுங்கள். மேலே வரைந்த ஊசியின் இரு கால்கள்தான் 3-உம் 4-உம். 2 தன் இருபுறமும், அதாவது 1-உடனோ 3-உடனோ, ஜோடி சேரக்கூடியது. 2 போய் 3-ஐப் பிடித்துவிட்டால் 4-க்கு ஜோடி இல்லை, நிறுத்தமும் இல்லை.

படி 3: ரைபோசோமை வையுங்கள்

பாக்டீரியாவில் உட்கரு கிடையாது. அதனால் படியெடுத்துக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம் பின்னாலேயே வந்து புரதம் கோக்கத் தொடங்கிவிடும். முன்பகுதியில் அது கோப்பது வெறும் 14 அமினோ அமிலம் கொண்ட குட்டிச் சங்கிலி. அதில் 10-ஆவதும் 11-ஆவதும் டிரிப்டோஃபான்! அரிதாகவே தேவைப்படும் ஒன்று அடுத்தடுத்து இரண்டு தடவை வருவதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

டிரிப்டோஃபான் தட்டுப்பாடு என்றால் ரைபோசோம் அந்த இடத்தில், 1-இன் மேல், சிக்கி நிற்கும். 2 விடுபட்டு 3-ஐப் பிடிக்கும். பாலிமரேஸ் தடையில்லாமல் மரபணுக்களுக்குள் போய்விடும்.

தாராளமாக இருந்தால்? ரைபோசோம் நிற்காமல் வந்து 2-ஐ மறைத்துக்கொள்ளும். அப்புறம் 3-க்கு 4-தான் துணை. சுமார் 140-ஆவது எழுத்தில் படியெடுப்பு முடிந்துவிடும்.

ஆக, செல் இங்கே டிரிப்டோஃபானை நேரடியாக அளப்பதில்லை. ரைபோசோம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைத்தான் பார்க்கிறது.

படி 4: சோதித்துப் பாருங்கள்

ரைபோசோமையே எடுத்துவிடுங்கள். இப்போது 1–2 ஒரு ஜோடி, 3–4 இன்னொரு ஜோடி, ஆகவே படியெடுப்பு நிற்கும். இந்த விடை வந்தால் படம் சரி.

அடுத்து, இன்னொரு அமினோ அமிலமான ஹிஸ்டிடினின் ஓபெரானை முயலுங்கள். அதன் முன்பகுதிச் சங்கிலியில் ஹிஸ்டிடின் தொடர்ந்து 7 முறை வருகிறது. ரைபோசோம் எங்கே சிக்கும் என்று குறித்துக்கொண்டு தொடங்கினால் மீதியை நீங்களே வரைந்துவிடலாம்.