பல ஸ்கிரிப்டுகளுக்கு ஒரே அமைப்புக் கோப்பு: பெர்லில் ஸ்ட்ரிக்ட்டை அணைக்காமல்

பெர்ல் நிரல்மொழியில் அமைப்புகளைத் தனிக் கோப்பில் 'மை' (my) போட்டு அறிவித்து, வேறு கோப்பை ஏற்றும் 'ரிக்வயர்' (require) மூலம் இழுத்தால் வேலைக்கு ஆகாது. 'மை' மாறியின் எல்லை அந்தக் கோப்போடு முடிகிறது. பேக்கேஜுக்குப் பொதுவான மாறியை அறிவிக்கும் 'அவர்' (our) என்று மாற்றினாலும் போதாது. 'ரிக்வயர்' ஓடும்போதுதான் நடக்கும், அறிவிக்காத மாறிகளைத் தடுக்கும் ஸ்ட்ரிக்ட்டோ (strict) தொகுக்கும்போதே பெயரைத் தேடும். உடனே ஸ்ட்ரிக்ட்டை அணைப்பது சோம்பேறித்தனம்.

கோப்பை மாட்யூலாக்குங்கள். மேலே பேக்கேஜ் பெயர், 'அவர்' போட்ட ஒரே ஹாஷ் (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு), பெயர்களை வெளியே தரும் எக்ஸ்போர்ட்டர் மாட்யூலின் 'எக்ஸ்போர்ட்_ஓகே' (@EXPORT_OK) பட்டியலில் அதன் பெயர், கடைசி வரியில் 1, அரைப்புள்ளி. ஸ்கிரிப்டில் 'யூஸ்' (use) போட்டு அந்தப் பெயரைக் கேட்டால், இறக்குமதி தொகுக்கும்போதே முடிந்துவிடும். ஸ்ட்ரிக்ட் வாய் திறக்காது. மாட்யூல் கிடைக்கவில்லை என்றால் தேடும் பாதையைப் பாருங்கள்: பெர்ல் 5.26 முதல் நடப்பு அடைவு அதில் இல்லை. ஸ்கிரிப்ட் இருக்கும் அடைவைச் சொல்லும் ஃபைண்ட்பின்னோடு (FindBin), தேடும் பாதையில் அடைவைச் சேர்க்கும் 'யூஸ் லிப்' (use lib) போடுங்கள்.

ஒரு பொறி உண்டு. ஹாஷ் சாவியில் 'ஹோஸ்ட்' என்பதை 'ஹோட்ஸ்' என்று தட்டினால் ஸ்ட்ரிக்ட் கண்டுகொள்ளாது. வெறும் 'அன்டெஃப்' (undef, மதிப்பே இல்லாத நிலை) கிடைக்கும், பிழை வேறெங்கோ வெடிக்கும். மாட்யூலின் முடிவில் ஹாஷ்::யூட்டில் (Hash::Util) மாட்யூலின் 'லாக்_ஹாஷ்' (lock_hash) போடுங்கள். தவறான சாவியைப் படித்த வரியிலேயே நிரல் நிற்கும், மதிப்புகளையும் யாரும் மாற்ற முடியாது. ஹாஷுக்குள் ஹாஷ் இருந்தால் 'லாக்_ஹாஷ்_ரிகர்ஸ்' தேவை.