கேட்கப் பழகிய பிள்ளையைக் காத்திருக்கப் பழக்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் பக்கம் ஒரு வீடு. ஏழு வயதுப் பையன், ஆட்டிசம். அம்மாவின் போன் வேண்டுமென்றால் தலையைச் சுவரில் முட்டுவான். முட்டுவதற்குப் பதிலாக போன் படம் ஒட்டிய அட்டையை எடுத்து நீட்டப் பழக்கினோம். நீட்டிய உடனே போன் கிடைத்தது, முட்டல் ஏறக்குறைய நின்றது. அப்புறம் வேறு தலைவலி. காலையிலிருந்து இரவு வரை அட்டையை நீட்டிக்கொண்டே இருந்தான். சூடை மீன் அரிகிற கையோடு ஒரு அம்மா எத்தனை முறைதான் எழுந்திருப்பார்?

அடம், அடி, கடி எல்லாமே எதையோ பெறவோ எதிலிருந்தோ தப்பவோ பிள்ளை கண்டுபிடித்த வழி. அதே பலனைத் தரும் நல்ல வழியைக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பயிற்சி. எட்வர்ட் காரும் மார்க் டூரண்டும் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். கேட்டதும் தருவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடுவது அடுத்த கட்டம். பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது.

“இப்பதான் நல்லாக் கேக்குறானே, பத்து நிமிஷம் இருக்கட்டும்” என்று ஒரே தாவலாகத் தாவுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நானும் செய்திருக்கிறேன். பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள்: நேற்று வரை வேலை செய்த அட்டை இன்று வேலை செய்யவில்லை. நாலு முறை நீட்டுவான், பிறகு அட்டையை எறிந்துவிட்டுச் சுவரைத் தேடுவான். புதுவழி அடைபட்டால் பழைய வழி திரும்ப வரும், அவ்வளவுதான். இரண்டு மூன்று விநாடியில் தொடங்குங்கள். ஐந்து, பத்து, இருபது என்று ஏற்றுங்கள். முட்டல் இல்லாமல் சில முறை போனால் அடுத்த படி. குழப்பம் வந்தால் ஒரு படி கீழே. படியை ஏற்றுவது காலண்டரைப் பார்த்து அல்ல, பிள்ளையைப் பார்த்து.

அடுத்தது, “இருடா, அப்புறம்” என்று வாயால் மட்டும் சொல்வது. அந்த “அப்புறம்” எப்போது முடியும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஹேன்லி, இவாட்டா, தாம்ப்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2001-ல் கையாண்ட முறையில், கேட்டால் கிடைக்கும் நேரத்துக்கு ஒரு அடையாளம், கிடைக்காத நேரத்துக்கு இன்னொன்று. வீட்டில் பச்சை அட்டை, சிவப்பு அட்டை போதும். முதலில் பச்சை நீளமாக, சிவப்பு சில விநாடி மட்டும். பிறகு சிவப்பை மெல்ல நீட்டலாம். ஆனால் “சேட்டை பண்ணினா சிவப்புதான்” என்று மிரட்டத் தொடங்கினால் அது தண்டனை அட்டையாகிவிடும். முட்டிய நொடியே பச்சையைத் திருப்பினால் முட்டலுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். சில விநாடி அமைதி வரட்டும், பிறகு திருப்புங்கள்.

சிவப்பு நேரத்தில் பிள்ளை சும்மா உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரியவர்களாலேயே முடியாது. இந்தப் பையன் கரையில் பொறுக்கிய பெரிய சிப்பிகளை டப்பாவில் பிரித்துப் போடுவான்.

எங்கள் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் அப்பா அப்போது வீட்டிலேயே இருப்பார். அந்த அப்பா என்னிடம் சொன்னார்: “புள்ளகூட இருக்குறதே இந்த ரெண்டு மாசம்தான். அதுலயும் இல்லன்னு சொல்லவா?” நியாயமான கேள்விதான். ஆனால் அவர் சிவப்பிலும் போனைக் கொடுத்தால் அந்த அட்டைக்கு மதிப்பில்லை. “பச்சையில நீங்களே குடுங்கண்ணே, சிவப்புல சிப்பி விளையாட்டு உங்களோட” என்றேன். அப்பத்தாவிடமும் இதையே சொல்ல வேண்டியிருந்தது. அது இன்னும் கடினம்.

தண்ணீர், கழிவறை, வலி, பயம்: இவற்றைக் கேட்டால் சிவப்பெல்லாம் கிடையாது, உடனே கவனியுங்கள். இவற்றைக் கேட்க வைத்திருக்கும் பட அட்டைகளை ஒருபோதும் எடுத்து ஒளித்துவைக்காதீர்கள். காயப்படும் அளவுக்கு முட்டும் பிள்ளைக்கு இதை வீட்டில் தனியாக முயல வேண்டாம், பயிற்சி பெற்றவர் கூட இருக்கட்டும்.

எத்தனை நிமிடம் வரை போவது? அந்த வீட்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. அந்த அம்மாவுக்கு மீன் அரிய இருபது நிமிடம் வேண்டும். இப்போது பன்னிரண்டில் நிற்கிறோம்.