குடோனில் நேரம் எங்கே போகிறது? ஒரு பென்சிலும் ஒரு பில் சீட்டும் வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

சின்னதாக குடோன் நடத்துபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு குறைதான் வரும்: ஆள் பத்தலை, இடம் பத்தலை. நான் கோயம்புத்தூரில் மோட்டார், பம்பு ஸ்பேர் விற்கும் ஒரு மொத்த வியாபாரியிடம் ஸ்டாக் பார்த்தபோது நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பேரிங், கெப்பாசிட்டர், மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர், வைண்டிங் வயர், கேஸ்கெட் என்று ஆயிரத்துச் சொச்சம் வகை. வேலைக்கு ஆறு பேர். மாசி முடிந்து வெயில் ஏறி கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் ஊர் ஊராக மோட்டார் கருகும். எங்கள் போன் ஓயாது.

முதலாளி ஒரு சாஃப்ட்வேருக்கு விலை விசாரித்து வைத்திருந்தார். அதற்கு முன் ஒரு வாரம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். அந்த வாரத்திலும் அதன் பிறகும் செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மளிகை, மருந்து, துணி எந்தக் குடோனுக்கும் இது பொருந்தும்.

படி 1: ஒரே ஒரு ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

மொத்தக் குடோனையும் ஒரே படத்தில் வரைய உட்கார்ந்தால் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவீர்கள். சரக்கு உள்ளே வருவது, ரேக்கில் ஏறுவது, ஆர்டருக்கு எடுப்பது, ரிட்டர்ன் வருவது எல்லாம் தனித்தனி ஓட்டம். எதில் அதிகம் திட்டு வாங்குகிறீர்களோ அதில் தொடங்குங்கள். தொடக்கமும் முடிவும் எது என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நான் எழுதியது: "பில் சீட்டு பிரிண்டரில் இருந்து வருவது முதல் பெட்டி வண்டியில் ஏறுவது வரை."

படி 2: சீட்டின் பின்னாலேயே போங்கள்

மேனேஜரைக் கேட்டு வரையாதீர்கள். அவர் சொல்வது நடக்க வேண்டியது. உங்களுக்கு வேண்டியது நடப்பது. ஒரு சீட்டைப் பிடித்து, அது போகும் இடமெல்லாம் நீங்களும் போய், கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள். டொயோட்டா கார் கம்பெனியின் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ஆளை நிறுத்தி மணிக்கணக்கில் பார்க்கச் சொல்வாராம். அவ்வளவு பொறுமை நமக்கு வேண்டாம். ஆனால் ஐந்து சீட்டாவது, வெவ்வேறு நாளில், ஒன்றாவது பரபரப்பான திங்கட்கிழமையில் பாருங்கள்.

ஒன்று முக்கியம். கையில் அட்டையும் பென்சிலுமாக ஒருவன் பின்னால் வந்தால், ஆள் குறைக்கத்தான் கணக்கு எடுக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முதல் நாள் காலையிலேயே டீ நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: ஆளின் வேகத்தை அளக்கவில்லை, சீட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன். ஆள் பெயரைத் தாளில் எழுதவே எழுதாதீர்கள்.

படி 3: ஐந்து குறிகள் போதும்

வேலை செய்யும் முறைகளை ஆராய்ந்த தம்பதி பிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வேலையின் ஓட்டத்தை வரைந்து காட்டும் முறையை வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த ஐந்து குறிகள் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. வட்டம் என்றால் வேலை. அம்புக்குறி என்றால் இடம் மாறுவது. சதுரம் என்றால் சரிபார்ப்பது. ஆங்கில "டி" எழுத்து என்றால் காத்திருப்பு. தலைகீழ் முக்கோணம் என்றால் சேமிப்பு. இடது ஓரம் குறி, நடுவில் என்ன நடந்தது, வலது ஓரம் நிமிடம். ஒரு கோடு போட்ட நோட்டு போதும்.

கரூர் பார்ட்டிக்குப் போன 12 அயிட்டம் சீட்டு ஒன்றின் கணக்கு இப்படி இருந்தது:

10.05 சீட்டு பிரிண்ட் ஆனது
10.05 – 10.50 டிரேயில் கிடந்தது (45 நிமிடம்)
10.50 – 11.22 சரக்கு எடுத்தது (32 நிமிடம், அதில் 6 நிமிடம் ஏணிக்குக் காத்திருந்தது)
11.22 – 12.15 செக்கிங் மேஜையில் கிடந்தது (53 நிமிடம்)
12.15 – 12.25 செக்கிங்
12.25 – 12.40 பேக்கிங்
12.40 – 5.30 வாசலில், பார்சல் வண்டிக்காக (290 நிமிடம்)

மொத்தம் 445 நிமிடம். யாராவது கை வைத்து வேலை பார்த்தது 51 நிமிடம். மீதி 394 நிமிடம் சீட்டும் பெட்டியும் சும்மா கிடந்தவை. "பசங்க வேகமா எடுக்கறதில்லை" என்று நாங்கள் கத்திக்கொண்டிருந்தது சரக்கு எடுத்த அந்த 26 நிமிடத்தை (32இல் ஏணிக்கு நின்ற 6 போக) பார்த்து.

இங்கே புதிதாகப் பார்ப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெரிய எண்ணைப் பார்த்ததும் அதன்மேல் பாயக் கூடாது. பார்சல் வண்டி 5.30க்குத்தான் வரும் என்றால், கரூர் பெட்டியை 12.40க்குப் பதில் 11 மணிக்கே கட்டி வைத்தாலும் கரூருக்கு ஒரு நிமிடம் கூட முன்னால் போகாது. ஆனால் அதே காலையில் உள்ளூர் லைனுக்குப் போகும் குட்டி யானை 1 மணிக்குக் கிளம்பியது. அதில் ஏற வேண்டிய மூன்று சீட்டு இந்தக் கரூர் சீட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்று, வண்டியைத் தவறவிட்டு, மறுநாள் போயின. வந்த வரிசையில் எடுப்பது நியாயம் போலத் தெரியும். குடோனில் வண்டி கிளம்பும் வரிசையில்தான் எடுக்க வேண்டும். உள்ளூர் சீட்டுக்கு மஞ்சள் கிளிப், பார்சல் சீட்டுக்கு வெள்ளைக் கிளிப், மஞ்சள்தான் முதலில் என்று வைத்தோம். செலவு இரண்டு பாக்கெட் கிளிப்.

படி 4: காகிதம் ஓடுவதையும் வரையுங்கள்

சரக்கின் ஓட்டம் மட்டும் பாதிப் படம். 45 நிமிடம் ஏன் டிரேயில் கிடந்தது? பில் போடுபவர் பத்துச் சீட்டு சேர்ந்ததும் குரல் கொடுப்பார். அதுவரை உள்ளே இருப்பவர்களுக்குச் சீட்டு வந்ததே தெரியாது. 53 நிமிடம் ஏன்? செக்கிங் பார்க்கிறவரே உள்ளே வரும் லாரியையும் எண்ணி இறக்க வேண்டும், லாரி தினமும் 11 மணி வாக்கில் வரும். வெளியே போகும் சரக்கின் தாமதத்துக்குக் காரணம் உள்ளே வரும் சரக்கில் இருந்தது. இதை வரையாமல் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஈ-வே பில்லையும், அதாவது சரக்கு வண்டியில் போக ஜி.எஸ்.டி.க்காக ஆன்லைனில் எடுக்கும் சீட்டையும், படத்தில் சேருங்கள். அதன் இரண்டாம் பகுதியில் வண்டி நம்பர் ஏற வேண்டும். எங்களிடம் வண்டி வந்து நின்ற பிறகுதான் நம்பரை எழுதிக்கொண்டு ஒருவர் ஆபீசுக்கு ஓடுவார். லோடு ஏறிய வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். டிரைவர் கிளம்பும்போதே நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முடிந்துபோகிற வேலை. ஒன்று மட்டும் கவனம்: இரண்டாம் பகுதியை நிரப்பியதும் கெடு ஓடத் தொடங்கிவிடும், சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில். அதனால் முந்தின நாளே நிரப்பி வைக்காதீர்கள்.

படி 5: கால் போகும் வழியை வரையுங்கள்

ஒரு கிராஃப் தாளில் குடோனின் தரைப்படம் போடுங்கள்: ரேக், தூண், வாசல், பேக்கிங் மேஜை. அளவு துல்லியமாக வேண்டாம், ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்றால் போதும். சரக்கு எடுப்பவர் பின்னால் போய், அவர் நடக்கும் வழியெல்லாம் பென்சிலை எடுக்காமல் கோடு இழுங்கள். மூன்று சீட்டு முடிவதற்குள் தாள் இடியாப்பம் போல ஆகிவிடும். கோடு எங்கே தடித்துக் கறுத்திருக்கிறதோ அங்கேதான் கால்வலி.

எங்கள் தாளில் கறுத்த கோடு பேரிங் ரேக்குக்குப் போனது. பேக்கிங் மேஜையிலிருந்து 40 மீட்டர். போக வர 80. நாளுக்கு 35 தடவை என்றால் 2,800 மீட்டர், கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர், பேரிங்குக்கு மட்டும். அதையே 8 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்தால் 560 மீட்டர்தான். மிச்சமாகும் 2,240 மீட்டரை விநாடிக்கு ஒரு மீட்டர் நடை என்று போட்டால் தினம் 37 நிமிடம்.

கணக்கு போட்டதும் எனக்குக் கை பரபரத்தது. வாசல் பக்க ரேக்கில் இருந்த காலி அட்டைப்பெட்டிகளைத் தள்ளிவிட்டு பேரிங்கை அங்கே அடுக்கத் தொடங்கினேன். அங்கே இருபது வருடமாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு வந்து மேலே கையைக் காட்டினார். "தம்பி, ஐப்பசில அங்க ஒழுகுமுங்க. அதனாலதான் நாங்க காலிப் பெட்டிய போட்டு வெச்சிருக்கறோம்." ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் விரல் நுழையும் விரிசல். பேரிங் நனைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிறுக்குத்தனமாகத் தெரியும் ஏற்பாட்டை மாற்றும் முன், அதை யார், எதற்காக அப்படி வைத்தார் என்று கேட்டுவிடுங்கள். ஷீட்டை மாற்றிய பிறகு பேரிங் இடம் மாறியது.

படி 6: இப்போது மாற்றுங்கள், விலை குறைந்ததிலிருந்து

முதலில் ரேக்குக்கு விலாசம். வரிசை, ரேக், தட்டு என்று மூன்று பகுதி போதும்: அ-03-2 என்றால் அ வரிசை, மூன்றாவது ரேக், இரண்டாவது தட்டு. தட்டைக் கீழிருந்து எண்ணுங்கள். நாளைக்கு மேலே ஒரு தட்டு கூட்டினாலும் பழைய எண் மாறாது. நடைபாதையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை என்று தெருவில் வீட்டு எண் போடுவது போல வைத்தால் ஆள் ஒரே நடையில் இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டு போகலாம்.

அடுத்து, சீட்டில் சரக்கு எந்த வரிசையில் அச்சாகிறது என்று பாருங்கள். எங்களுடையதில் பார்ட்டி போனில் சொன்ன வரிசை. அதனால் ஆள் அ-வுக்குப் போய், ஊ-வுக்குப் போய், மறுபடி அ-வுக்கு வருவார். எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே விலாசத்தை ஏற்றி, அந்த வரிசையில் தனியாக ஒரு எடுப்புச் சீட்டு அடித்தோம். ஏணி ஏறி இறங்குவதும் பாதியாகக் குறைந்தது.

அதற்கப்புறம்தான் எதை எங்கே வைப்பது என்பது. ஏ.பி.சி. என்று, அதாவது முக்கியமானது ஏ, நடுத்தரம் பி, மீதி சி என்று பிரிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் பண மதிப்பை வைத்துப் பிரிப்பார்கள். ஸ்டாக் எண்ணுவதற்கும் கொள்முதலுக்கும் அது சரி. இடம் ஒதுக்க அது உதவாது. கேஸ்கெட் சில்லறைக் காசு, ஆனால் நாளெல்லாம் கை போகும். பெரிய மோட்டாரின் ஷாஃப்ட் விலை அதிகம், வாரம் ஒன்று போனால் பெரிது. மூன்று மாத பில்லை எடுத்து, ஒவ்வொரு பொருளும் எத்தனை சீட்டில் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். எத்தனை எண்ணிக்கை விற்றது என்பது கூட வேண்டாம். அதிக சீட்டில் வருவது மேஜைக்கு அருகில், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டில். கனமானது எப்போதும் கீழே, அது எவ்வளவு ஓடினாலும் சரி.

இங்கே ஒரு விதிவிலக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 6205 பேரிங்குக்கும் 6305க்கும் உள்விட்டம் ஒன்றே, 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம்தான் 52, 62 என்று மாறும். பெட்டி பார்க்க ஒரே மாதிரி. ஓட்டத்தின்படி அடுக்கியதில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன். அந்த வாரமே மாறிப்போய், ஷாஃப்டில் சரியாக ஏறி ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் வெளிக்கூட்டில்) உட்காராத பேரிங்கோடு ஒரு மெக்கானிக் போனில் எடுத்த எடுப்பில் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. ஒன்று போலிருக்கும் இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் முற்றிலும் வேறு உருவமுள்ள ஒன்றைப் போடுங்கள். நாங்கள் கிளாண்ட் ரோப் சுருளை வைத்தோம்.

படி 7: வாசலில் தேங்குவதைக் கணக்கிட ஒரு சின்னச் சூத்திரம்

ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்தது: தேங்கி நிற்பது = வரும் வேகம் × காத்திருக்கும் நேரம். லாரியிலிருந்து இறங்கிய பெட்டி சராசரியாக வாசலில் 120 கிடக்கிறது, மணிக்குச் சராசரியாக 30 பெட்டி வருகிறது, அதே வேகத்தில் உள்ளே போகிறது என்றால் ஒரு பெட்டி ரேக் ஏற 4 மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம் குறிக்க வேண்டியதில்லை; நாளுக்கு நாலு தடவை வாசலில் நின்று எண்ணினால் போதும். சில சப்ளையரின் லாரியை மதியம் 2 மணிக்கு மேல் வரச் சொல்லிக் கேட்டோம், இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். செக்கிங் மேஜையில் சீட்டு தேங்குவது அன்றே குறைந்தது.

லோடுமேன்களிடம் முன்கூட்டியே பேசாமல் இதைச் செய்யாதீர்கள். அவர்களுக்குக் கூலி பெட்டிக் கணக்கில். 11 மணி லோடை முடித்து 1 மணிக்கு அடுத்த குடோனுக்குப் போகிறவர்களாக இருக்கலாம். எங்களிடம் அப்படித்தான் இருந்தது, ஒரு நாள் லாரி மட்டும் வந்து நின்றது.

படி 8: மறுபடி சீட்டின் பின்னால்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒரு வரிசை ரேக்கில், ஒரு வாரம். பிறகு அதே மாதிரி ஐந்து சீட்டைத் தொடர்ந்து பாருங்கள். மூன்று எண் குறித்தால் போதும்: சீட்டு சும்மா கிடந்த நிமிடம், அன்று வண்டியைத் தவறவிட்ட சீட்டு, தவறான பொருள் போன சீட்டு. முதல் எண் இறங்கி மூன்றாவது ஏறினால் அவசரப்பட்டுவிட்டீர்கள். செக்கிங்கைத் தொடாமல், மாற்றத்துக்கு முன்பிருந்த ஏற்பாட்டுக்குத் திரும்புங்கள்.

வரைந்த தாளில் தேதி போட்டு பேக்கிங் மேஜைக்கு மேலே ஒட்டுங்கள், பக்கத்தில் நூலில் ஒரு பென்சிலையும் தொங்கவிடுங்கள். நான் ஒட்டிய இரண்டாம் நாள் யாரோ அதில் கோணல்மாணலாக ஒரு "டி" போட்டு, பக்கத்தில் "பேக்கிங் டேப் தீர்ந்து கடைக்குப் போனது 20 நிமிசம்" என்று எழுதியிருந்தார்கள். ஐந்து சீட்டின் பின்னால் போயும் என் கண்ணில் அது படவில்லை.